ஒரே கட்டளை, இரண்டு தராசுகள்: தமிழ்க் கிறித்தவத்தில் பெண் ஒழுக்கம் பற்றிய போதனையின் வரலாறு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கிழக்கே சென்றால் பழவேற்காடு வரும். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த ஏரிக்கரை ஊரில் 1613 ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பியது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இங்கிருந்தே நடத்தப்பட்டது. கோட்டை இன்று அழிந்துவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டமும், அதன் வாயிலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களும் மட்டுமே பயணிகளை அழைத்து வருகின்றன.

அக்காலத்து டச்சுக் கல்லறைகளில் ஆணின் பெயரோடு அவன் வகித்த பதவியைப் பொறிப்பார்கள். பெண்ணின் பெயரோடு அவள் இன்னாருடைய மனைவி என்று பொறிப்பார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைய உலகில் எந்தச் சமயத்தைச் சேர்ந்த கல்வெட்டும் பெரும்பாலும் இப்படித்தான் பேசியது. ஆயினும் அந்த "மனைவி" என்னும் சொல்லை அடைவதற்கு ஒரு பெண் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டால், தமிழகத்தில் கிறித்தவம் பெண்ணைப் பற்றி என்ன போதித்தது, அந்தப் போதனை யாரிடம் எந்த விலையைக் கேட்டது என்னும் நெடிய வரலாறு விரிகிறது. அந்த வரலாற்றின் சில திருப்பங்களைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பெனி ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பமின்றிக் கப்பலேறிய ஆடவர்கள். அவர்கள் கம்பெனியின் ஆசியக் குடியிருப்புகளில் உள்ளூர்ப் பெண்களையும், போர்த்துக்கீசியக் கலப்பினப் பெண்களையும், விலைக்கு வாங்கி விடுவித்த அடிமைப் பெண்களையும் மணந்தனர். மணமகள் கிறித்தவளாக இருக்கவேண்டும், பிள்ளைகள் கிறித்தவர்களாக வளரவேண்டும், கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பன விதிகள். ஆசிய மனைவியையும் பிள்ளைகளையும் தாய்நாட்டிற்கு அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே, அவள் தன் சமயத்தையும் பெயரையும் துறந்து வந்தாள். அவன் துறக்க வேண்டியதெல்லாம் ஊர் திரும்பும் உரிமை ஒன்றே. அதையும் துறக்க விரும்பாத பலர் திருமணம் செய்துகொள்ளாமலே பெண்களுடன் வாழ்ந்தனர். சபையின் கண்டனமோ பெரும்பாலும் அந்தப் பெண்ணின்மேல் வந்து விழுந்தது.

1630களில் பழவேற்காட்டில் சமயப் பணி ஆற்றிய ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்ற டச்சுப் போதகரை நண்பர்கள் அறிந்திருக்கலாம். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651 இல் லைடன் நகரில் அச்சாயிற்று. இந்துக்களின் வாழ்க்கை முறையை ஐரோப்பாவுக்கு விரிவாக அறிமுகப்படுத்திய தொடக்ககால நூல்களில் அது ஒன்று. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்களின் மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. பிராமணக் குடும்பங்களின் திருமண முறை, கைம்மை, உடன்கட்டை ஆகியவற்றை அவர் கூர்ந்து பதிவு செய்தார். அயலான் வீட்டுப் பெண்ணின் நிலை எப்போதுமே எளிதில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

போதனை என்ன சொன்னது?

பெண்ணின் நடத்தை பற்றிய மரபான கிறித்தவப் போதனை பெரும்பாலும் பவுலின் பெயரில் வழங்கும் நிருபங்களை அடிப்படையாகக் கொண்டது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் கூறுகிறது. வழிபாட்டில் பெண் தலையை மூடவேண்டும், சபையில் மௌனமாக இருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கூறுகிறது. ஆடம்பர அணிகலன் தவிர்த்து அடக்கமான ஆடை உடுத்தவேண்டும், போதிக்கலாகாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கூறுகிறது. இவை அனைத்தும் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டவை.

அதிகம் மேற்கோள் காட்டப்படாத மற்றொரு பக்கமும் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தின் 7 ஆம் அதிகாரம், மனைவியின் உடல்மீது கணவனுக்கு உள்ள அதிகாரம் கணவனின் உடல்மீது மனைவிக்கும் உண்டு என்கிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபமோ கிறிஸ்துவுக்குள் ஆண், பெண் என்ற வேறுபாடே இல்லை என்னும் அளவுக்குச் செல்கிறது. எபேசியருக்கு எழுதியதிலும் மனைவிக்குக் கீழ்ப்படிதலைச் சொன்ன கையோடு, கணவன் தன்னையே ஒப்புக்கொடுத்து அவளை நேசிக்க வேண்டும் என்ற கடமை வருகிறது.

இது ரோமானிய உலகில் எத்துணை புதிய செய்தி என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ரோமானியச் சட்டத்தில் விபச்சாரம் என்பது மணமான பெண்ணைப் பொறுத்தே வரையறுக்கப்பட்டது. மணமான ஆண் தன் அடிமைப் பெண்ணிடமோ பொதுமகளிரிடமோ செல்வது அச்சட்டத்தின் பார்வையில் குற்றமன்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஃபபியோலா என்ற பெண்ணைப் பற்றி எழுதிய ஜெரோம், இராயரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு என்றும், பெண்ணுக்குத் தகாதது ஆணுக்கும் தகாது என்றும் வாதிட்டார். ஒழுக்கக் கட்டளை இருபாலருக்கும் ஒன்றே என்பதுதான் கிறித்தவம் கொண்டுவந்த கோட்பாடு.

தமிழுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. திருவள்ளுவர் "பிறனில் விழையாமை" என்னும் அதிகாரத்தை ஆணை நோக்கியே அமைத்தார். கோவலன் மாதவியிடம் சென்றதைச் சிலப்பதிகாரம் மறைக்கவில்லை. ஆயினும் நடைமுறையில் கற்பு என்ற சொல் பெண்ணுக்கே உரியதாக நின்றது. ஆகவே, கட்டளை ஒன்று என்று சொன்ன சமயம் தமிழ்நிலத்தில் காலூன்றியபோது எந்தத் தராசைப் பயன்படுத்தியது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

ஓரியூர், 1693

அருளானந்தர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவின் மரணம் ஒரு திருமணப் பிரச்சினையிலிருந்து எழுந்தது. மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் திருமுழுக்கு என்பது பிரிட்டோவின் நிபந்தனை. தடியத்தேவர் அதற்கு இணங்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவள் கடலாயி. சேதுபதி மன்னர் ரகுநாத கிழவனின் உறவுப் பெண். அவள் மன்னரிடம் முறையிட்டாள். பிரிட்டோ கைது செய்யப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947 இல் உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது.

திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு கடலாயியை ஒப்பிடுவது பக்தி நூல்களின் வழக்கம். இரண்டு மரணங்களுக்கும் உள்ள ஒற்றுமை எளிதில் கண்ணில் படுவதால் ஒப்பீடு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஏரோதியாள் கணவன் இருக்கையில் வேறொருவனை மணந்தவள். கடலாயியோ தன் குல வழக்கப்படி முறையாக மணம் செய்துகொடுக்கப்பட்டவள். அவள் செய்த பிழை என்ன? அவளுக்குப் பின் மணந்தவர் இல்லை என்பதாலோ, முன்பே மணந்தவள் இருந்தாள் என்பதாலோ அவள் ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தாள். பல பெண்களை மணந்தவர் தடியத்தேவர். பாவம் என்று கொண்டால் பாவம் அவருடையது. அவர் திருமுழுக்குப் பெற்றுக் கரையேற, கழுவாய் செய்தவர்கள் அந்தப் பெண்கள்.

ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கட்டளை பெண்ணுக்கு மதிப்பளிக்கும் கட்டளை என்பதில் ஐயமில்லை. அடுத்த தலைமுறைப் பெண்கள் சக்களத்தி இல்லாத இல்லத்தில் வாழ அது வழிசெய்தது. ஆனால் அக்கட்டளை வந்து சேர்ந்த நாளில் ஏற்கெனவே மணமாகி இருந்த பெண்களுக்கு அது என்ன செய்தது என்ற கேள்வியைச் சமய வரலாறு கேட்கவில்லை. இத்தகைய சிக்கல் மறவர் நாட்டோடு முடியவும் இல்லை. பலதார மணம் நிலவிய ஆப்பிரிக்க நாடுகளில் சபைகள் இருபதாம் நூற்றாண்டிலும் இதே சிக்கலை எதிர்கொண்டன. 1988 இல்தான் ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு, பல மனைவியரை உடையவர் இனி வேறு மணம் செய்வதில்லை என்ற உறுதியோடு, இருக்கும் மனைவியரை விலக்காமலே திருமுழுக்குப் பெறலாம் என்று இசைந்தது. கடலாயியின் முறையீட்டுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து வந்த பதில் என்று இதைக் கருதலாம்.

இதே கத்தோலிக்க மரபு பெண்ணுக்கு வேறொரு வழியையும் வைத்திருந்தது. அது மணம் மறுக்கும் உரிமை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் "கித்தேரியம்மாள் அம்மானை" என்னும் நூலையும் இயற்றினார். தந்தை ஏற்பாடு செய்த மணத்தை மறுத்துத் தலை வெட்டுண்டு இறந்த கித்தேரியாள் என்ற கன்னியின் கதை அது. பெண்கள் காய் எறிந்து ஆடும் விளையாட்டின் பாடல் வடிவம் அம்மானை. தந்தைக்குக் கீழ்ப்படியாத ஒரு மகளின் கதையை, பெண்கள் பாடும் வடிவத்தில், ஒரு இத்தாலியத் துறவி தமிழில் தந்தார். கீழ்ப்படிதலைப் போதித்த மரபே, கீழ்ப்படியாமையைப் புனிதமாக்கிய கதையையும் உடன் கொண்டுவந்தது. பிற்காலத்தில் 1844 இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகள் பெண்கல்விக்கென்றே தொடங்கிய தமிழ்க் கன்னியர் சபை இந்த வழியில் முளைத்ததே.

பாளையங்கோட்டை, 1778

புராட்டஸ்டண்டு மரபில் கன்னியர் மடம் இல்லை. பெண்ணுக்கு இல்லறம் ஒன்றே வழி. ஆனால் வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்கவேண்டும் என்பது அம்மரபின் உயிர்க்கொள்கை. ஆகவே, 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1715 இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பெண் போதிக்கலாகாது என்ற வரியும், உடல்மீது இருவருக்கும் சம அதிகாரம் என்ற வரியும் ஒரே நூலின் பக்கங்களாகத் தமிழ்ப் பெண்ணின் கைக்கு எட்டும் தொலைவில் வந்தன.

அப்படிப் படிக்கக் கற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை திருநெல்வேலிக் கிறித்தவத்தின் தொடக்கமாக அமைந்தது. கோகிலா என்ற மராட்டியப் பிராமணக் கைம்பெண். தஞ்சை அரசு வட்டத்தோடு தொடர்புடைய குடும்பத்தவர். உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இருவரும் மணவாழ்வின் முறையின்றிச் சேர்ந்து வாழ்ந்தனர். லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலமும் கிறித்தவ மறையும் கற்பித்தார். அவர் திருமுழுக்கு வேண்டியபோது, தரங்கம்பாடி மரபின் புகழ்பெற்ற போதகரான சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணமாகாமல் ஓர் ஆணுடன் வாழ்வதே காரணம். லிட்டில்டன் இறந்த பின்னர், 1778 இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். குளோரிந்தா என்பது புதிய பெயர்.

சுவார்ட்ஸ் தன் விதிப்படி நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆனால் இங்கும் தராசைப் பாருங்கள். லிட்டில்டன் பிறப்பாலேயே கிறித்தவர். சபைக்குள் இருந்துகொண்டே அவ்வாழ்வை வாழ்ந்தார். வெளியில் நின்று கதவைத் தட்டிய பெண்ணிடம்தான் ஒழுக்கச் சான்று கேட்கப்பட்டது. அவரை மணந்துகொள்ளும் பொறுப்பு லிட்டில்டனுடையது. அந்தப் பொறுப்பு நிறைவேறாமைக்கு விலை கொடுத்தவர் கோகிலா. ஆண் இறந்தபிறகே பெண் தூயவளாக முடிந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை வரலாறு. 1780 இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் ஏறத்தாழ நாற்பது பேரின் பெயர்கள் உள்ளன, முதற்பெயர் குளோரிந்தா. அவர் முயற்சியாலும் பொருளாலும் கட்டப்பட்ட ஆலயத்தை 1785 இல் சுவார்ட்ஸ் படைத்தார். "பாப்பாத்தியம்மாள் கோயில்" என்று ஊரார் அதற்கு வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. அவர் பள்ளி நடத்தினார். தஞ்சைக்குச் சென்று உபதேசியார் ஒருவரை அனுப்பவேண்டும் என்று கேட்டு வாதாடினார். அவ்வாறு வந்த சத்தியநாதன் 1790 இல் குருப்பட்டம் பெற்றார். தென்னிந்தியாவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டுச் சமூகங்களில் ஒன்று, சபையில் மௌனமாக இருக்கவேண்டிய ஒரு பெண் பேசியதால் வேர்விட்டது. அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை. அவர் செய்த வேலைக்கு அன்றைய திருச்சபை ஒழுங்கில் பெயரே இல்லை. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா 1915 இல் "கிளாரிந்தா" என்று ஓர் ஆங்கில நாவலை எழுதி அவரை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தார்.

நாஞ்சில் நாட்டின் மேலாடை

பெண் அடக்கமாக உடுத்தவேண்டும் என்ற போதனை, ஐரோப்பாவில் பெண்ணைக் கட்டுப்படுத்தும் விதி. அதே விதி தென் திருவிதாங்கூரில் ஒரு விடுதலைப் போராட்டத்தின் காரணமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அங்கே மார்பை மறைப்பது மானம் சார்ந்த செய்தியாக இருக்கவில்லை. வரிசை சார்ந்த செய்தியாக இருந்தது. கீழோர் மேலோர் முன் மேலாடை அகற்றி நிற்பதே மரியாதை. இதில் ஆண், பெண் இருவரும் அடக்கம். அன்றைய ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை மறுக்கப்பட்டிருந்தது. லண்டன் மிஷன் போதகர்களின் மனைவியர் கிறித்தவப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டை, சாதி ஒழுங்கின் அடித்தளத்தையே தொட்டது. 1822 இல் தொடங்கி 1828 இலும் 1858 இலுமாக மூன்று முறை கலவரங்கள் மூண்டன. சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

1829 பிப்ரவரியில் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை இடுவதைத் தடை செய்தது. சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தத்திற்குப் பின், திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26 அன்று வெளிவந்த பிரகடனம் எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற வாலையும் ஒட்டவைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது பெண்களின் விடாப்பிடி. மிஷன் அளித்த குப்பாயத்தோடு அவர்கள் நிறைவடையவில்லை. அதன்மேல் தோள்சீலையும் இட்டார்கள். போதகர்கள் கேட்டது அடக்கம். அப்பெண்கள் கேட்டது சமத்துவம். அடக்கத்திற்குக் குப்பாயமே போதும் என்னும்போது சீலை எதற்கு என்று போதகரும் திவானும் ஒருசேர வியந்தனர். மிஷன் தந்த விதியைப் பெண்கள் தங்கள் தேவைக்கேற்ப விரித்துக்கொண்டார்கள் என்பதே உண்மை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1821 இல் கற்பித்த லேஸ் பின்னலுக்கும் இதே கதி நேர்ந்தது. இல்லத்தில் அமர்ந்து செய்யும் அடக்கமான கைவேலை என்று அது அறிமுகமாயிற்று. அதில் ஈட்டிய கூலியைக் கொண்டு தங்களை அடிமை நிலையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தனர்.

1869: இரண்டு நூல்கள்

1869 ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். அவ்வாண்டில் மாயூரம் மாவட்ட முன்சீப்பும் கத்தோலிக்கருமான வேதநாயகம் பிள்ளையின் "பெண்மதி மாலை" வெளிவந்தது. பெண்கள் பாடத்தக்க அறிவுரைப் பாடல்களும், பெண்கல்வியை வற்புறுத்தும் உரைநடையும் அவருடைய பங்களிப்பு. கணவனைப் பேணுதல், இல்லத்தை நடத்துதல் முதலிய மரபான அறிவுரைகள் அவரிடம் உண்டு. ஆனால் பெண்ணுக்குக் கல்வி மறுப்பவன் கடவுள் கொடுத்த அறிவை அவமதிக்கிறான் என்ற உறுதியும் அவரிடம் உண்டு. பத்தாண்டுகள் கழித்து, 1879 இல் அச்சான "பிரதாப முதலியார் சரித்திர"த்தில் அவர் படைத்த ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். ஆட்சி செய்து முடித்தபின் உத்தம மனைவியாக வீடு திரும்புகிறாள். போதனை அனுமதித்த எல்லை வரை அவளை அழைத்துச் சென்று, எல்லைக்கு அப்பாலும் அவளால் இயலும் என்று காட்டிவிட்டு, பத்திரமாக உள்ளே கொண்டுவந்து விடுகிறார் ஆசிரியர். முன்சீப்பாகிய அவருக்கு எல்லைகள் நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதே 1869 இல் இந்தியக் கிறித்தவர்களுக்காக வேறொரு நூலும் வந்தது. அது இந்திய விவாகரத்துச் சட்டம். அதன் 10 ஆம் பிரிவின்படி, மனைவி பிறனுடன் உறவு கொண்டாள் என்று மெய்ப்பித்தால் போதும், கணவனுக்கு விலக்கு கிடைக்கும். மனைவிக்கோ, கணவன் பிறளுடன் உறவு கொண்டான் என்பது மட்டும் போதாது. அதனோடு கொடுமை, இரண்டாண்டுக்கு மேற்பட்ட கைவிடல், இருதார மணம் போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். இங்கிலாந்தின் 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது இது. இங்கிலாந்து தன் சட்டத்தில் இந்த வேறுபாட்டை 1923 இலேயே நீக்கிக்கொண்டது. இந்தியக் கிறித்தவப் பெண் 2001 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருந்தாள். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள்!

இராயரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு என்று ஜெரோம் எழுதிப் பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்தும், கிறித்தவர்களின் பெயராலேயே எழுதப்பட்ட சட்டம் இராயரின் பக்கம் நின்றது. வேதநூலில் இல்லாத இரண்டாவது தராசு, சட்டநூலில் எண்ணிட்ட பிரிவாகவே அமர்ந்திருந்தது.

எஞ்சும் கேள்வி

கிறித்தவம் தமிழ்ப் பெண்ணை விடுவித்ததா, கட்டியதா என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. பள்ளிகளைக் காட்டி ஒரு தரப்பும், நிருபங்களைக் காட்டி மறுதரப்பும் எளிதில் வெல்லலாம். மேற்கண்ட நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. பழவேற்காட்டிலும் ஓரியூரிலும் பாளையங்கோட்டையிலும் ஒழுக்கக் கட்டளை இருவருக்கும் பொதுவாகவே அறிவிக்கப்பட்டது. நிறுத்துப் பார்க்கப்பட்டது பெண் மட்டுமே. ஆணின் மீறல் அவனுடைய சொந்தக் குறையாகக் கருதப்பட்டது. பெண்ணின் நிலை, அது அவள் தேர்ந்ததாக இல்லாதபோதும், சபையின் மானப் பிரச்சினையாகக் கருதப்பட்டது.

இது கிறித்தவத்திற்கு மட்டும் உரிய குறை என்று யாரும் மகிழ்ந்துகொள்ள வேண்டியதில்லை. கற்பை இருபாலருக்கும் பொதுவில் வைக்கவேண்டும் என்று பாரதி பாடவேண்டியிருந்தது, அது பொதுவில் இல்லாமையால்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டளை இருவருக்கும் ஒன்றே என்று தன் மூலநூலிலேயே எழுதி வைத்துக்கொண்ட சமயம், அதை மீறும்போது தன் சொந்த எழுத்துக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. அந்த எழுத்தைப் படிக்கப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே சமயம்தான். தீமோத்தேயுவைப் படிக்கட்டும் என்று கொடுத்த நூலில் கலாத்தியரும் இருந்தது.

அதன் விளைவுகள் மெல்லத்தான் வந்தன. தென்னிந்தியத் திருச்சபை 1976 இல் பெண்களுக்குக் குருப்பட்டத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உரோமை, பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அறிவித்தது. அந்நிலை இன்றும் மாறவில்லை. 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயராக எகோனி புஷ்பலலிதா திருநிலைப்படுத்தப்பட்டு, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். பாளையங்கோட்டையின் பதிவேட்டில் முதற்பெயராக இருந்தவர் செய்த பணிக்கு, 228 ஆண்டுகள் கழித்து ஒரு பதவிப்பெயர் கிடைத்தது எனலாம்.

குளோரிந்தாவுக்கு ஆலயமும் நாவலும் உண்டு. நாடார் பெண்களின் போராட்டம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டது. கடலாயிக்கு மட்டும் இன்னும் யாரும் நீதி வழங்கவில்லை. அருளானந்தரின் உறுதியைப் போற்றுவோர் அவளை ஏரோதியாள் என்று ஏசாமலும் போற்றலாம். அவரைப் பற்றி அடுத்து எழுதப்போகும் வரலாற்றாசிரியர், விலக்கப்பட்ட மனைவியருக்கும் ஒரு பத்தி ஒதுக்குவாரானால், அந்த இரண்டாவது தராசு சற்றேனும் நேராகும்.